மெஹரக்கா பொறுக்கி எடுத்த கோழிகள்

ஓய்வுபெற்றவர்களுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி முதலில் வந்தது. "மெஹருன்னிசா மேடம் காலமானார்" என்று ஒற்றை வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் நம்பவில்லை. இதே குழு முன்பு உயிரோடிருந்த ஒருவருக்கு அஞ்சலி செலுத்தி, கடைசியில் அவரே வந்து மறுக்க வேண்டியதாயிற்று. அன்று மெஹரக்கா எனக்குப் போன் செய்து, "இத்தனை பேர் அழுதாங்களே, யார் சொன்னான்னு ஒருத்தர் கேட்டாங்களா சாந்தி?" என்றார். அதனால் அவருடைய எண்ணையே அழைத்தேன். எடுத்தது அவர் மகன் அன்வர்.

"அம்மா காலையில மவுத்தாயிட்டாங்க ஆன்ட்டி. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூருக்குப் போகும் பஸ்ஸில்கூட எனக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. தெருமுனையில் போட்டிருந்த பந்தலைப் பார்த்த பிறகுதான் அது போயிற்று.

கைலாசபுரம் கொதிகலன் தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழாய்களில் வைத்த வெல்டை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று சொல்வது எங்கள் பிரிவின் வேலை. நான் நல்ல படத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். மெஹரக்கா நல்ல படத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார். வெல்டு வைத்தவர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் அவருக்குக் கணக்கில்லை. "ஆள் நல்லவரா இருக்கலாம். அவர் போட்ட வெல்டு நல்லதான்னு தனியாத்தான் பாக்கணும்" என்பார். அந்தக் காலத்தில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. அவர் கையெழுத்திட்ட குழாயைப் பற்றி மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஓய்வுக்குப் பிறகு இருவருக்கும் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. முட்டைக்காக மட்டும், வீட்டுக்கு வேண்டிய அளவுக்கு. அவருக்கு உறையூர் வீட்டின் பின்புறம் இடம் இருந்தது. எனக்கு மேலூர் சாலைப் பக்கம் ஒரு கொல்லை. சேர்ந்தே ஒரு சந்தைக்குப் போனோம். செம்பழுப்பு நிறத்தில் கோழிகளை வைத்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சுத்த நாட்டுக்கோழிம்மா. தினம் ஒரு முட்டை தப்பாது."

மெஹரக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நாட்டுக்கோழின்னா தினம் முட்டை போடாதுங்க. தினம் போடுதுன்னா நாட்டுக்கோழி இல்ல. நீங்க சொன்னதுல எது பொய்?"

அவர் சிரித்து மழுப்பினார். மெஹரக்கா ஒரு கோழியைத் தூக்கி அதன் அலகைக் காட்டினார். நுனி மழுங்கியிருந்தது.

"இதை எதுக்கு வெட்டினீங்க?"

"கொத்திக்கும்மா, அதான்."

"ஒரே கூண்டுல நெருக்கி அடைச்சு வச்சாத்தானே கொத்திக்கும். இது பண்ணையில முட்டை ஓஞ்சு கழிச்சுவிட்ட கோழி. வா சாந்தி."

நான் அன்று வாங்குவதற்குப் பையைத் திறந்துவிட்டிருந்தேன். மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அதன்பின் ஒவ்வொரு ரகத்தையும் அவர் வெல்டு பார்ப்பது போலவே பார்த்தார். கருங்கோழி முட்டை எல்லா நோயையும் தீர்க்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னபோது, "அப்போ அதை விக்கிறவர் வீட்ல யாருக்குமே நோய் வரதில்லையா?" என்று கேட்டார். அசில் ரகக் கோழி பார்க்கக் கம்பீரமானது, ஆனால் முட்டை குறைவு, சண்டை அதிகம் என்று ஒதுக்கினார். வெள்ளை லெகார்ன் முட்டையில் குறை வைக்காது. அடைகாக்காது, சின்னச் சத்தத்துக்கும் மிரளும். சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி வெயிலைத் தாங்கும், பருந்தைக் கண்டால் தானே பதுங்கும், அடை உட்காரும். ஆனால் கொஞ்சம் முட்டை போட்டதும் அடையில் உட்கார்ந்து போடுவதை நிறுத்திவிடும். கடைசியில், வீட்டில் வளர்ப்பதற்கென்று கலப்பில் உருவாக்கிய பழுப்பு முட்டைக் கோழிகளில் சிலவற்றையும், ஒரு சோடி சிறுவிடையையும் தேர்ந்தெடுத்தார்.

"முட்டைக்கு ஒண்ணு, குஞ்சுக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே கோழியில வேணும்னு நின்னா, ஏமாத்துறதுக்கு ஒருத்தன் வந்துருவான்."

பண்ணையில் கண், கொண்டை, கால் என்று பார்த்துப் பார்த்து அவர் பொறுக்கியதை நான் கூட இருந்து பார்த்தேன். அவற்றில் ஒரு பழுப்புக் கோழியின் மேல் அவருக்கு ஒரு தனிப் பெருமை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவார்.

அந்தக் கோடையில் முட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன.

மாடியில் ஜெயந்தி என்ற பெண் தன் மகளோடு குடியிருந்தார். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கணவர் துபாயில். துணி காயப்போடக் கூண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மெஹரக்காவின் சந்தேகம் அங்கே போய் நின்றது.

"வெயிலுக்கு முட்டை குறையும்க்கா" என்றேன் போனில்.

"குறையும். இப்படி மொத்தமா நிக்காது."

கூண்டின் முன்னால் சாம்பலைத் தூவிவைத்தார். மறுநாள் காலை அதில் செருப்புத் தடம். ஜெயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டார். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது, நிமிர்த்திவைத்தேன் என்றார் அவர். மெஹரக்கா நம்பவில்லை. வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். விஷயம் தெருவுக்கும் தெரிந்தது. மெஹரக்காவின் நண்பர்களான எங்களில் சிலரும் அதை நம்பினோம், தடம் இருந்ததல்லவா.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஒருநாள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஜெயந்தி வரவில்லை. அந்தப் பெருமைக்குரிய பழுப்புக் கோழி முட்டையிட்டது, எழுந்தது, திரும்பி நின்று ஒரே கொத்தாகக் கொத்தியது. மற்றவை ஓடிவந்தன. கொஞ்ச நேரத்தில் ஓடுகூட மிஞ்சவில்லை. விடாமல் முட்டையிடும் ரகம் அது. அதற்கேற்ற சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் போதவில்லை. ஓடு மெலிந்து முட்டை உடைய, ருசி பழகிவிட்டது. கோழியைப் பிடித்துப் பார்த்தார். அலகில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது.

அன்றே எனக்குப் போன் வந்தது. "உலகத்துல எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன் சாந்தி. நான் பொறுக்கி எடுத்ததை மட்டும் சந்தேகப்படல."

அவர் செய்ததை உங்களில் பலர் அறிய மாட்டீர்கள். யாரிடமெல்லாம் ஜெயந்தியைப் பற்றிச் சொன்னாரோ அந்த வீடுகளுக்கெல்லாம் போய், தான் சொன்னது தவறு என்று சொன்னார். பிறகு மாடி ஏறினார். நானும் கூடப் போனேன். ஜெயந்தி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதும்மா. நீ போக வேணாம்."

ஜெயந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரவால்லங்கம்மா. ஆனா இனிமே இங்க இருந்தா, துணி எடுக்கப் போறப்பல்லாம் நான் கையை விரிச்சுக் காட்டிட்டே போகணும்."

மெஹரக்கா திரும்பி நடந்தார். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜெயந்தி அரியமங்கலத்துக்குக் குடிபோனார். மெஹரக்கா கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூள் வாங்கிப் போட்டு, முட்டை கண்ணில் படாதபடி இருட்டான முட்டைப் பெட்டி செய்துவைத்தார். கோழிகள் மெல்லத் திருந்தின. அவருக்கும் ஜெயந்திக்கும் இடையே எல்லாம் அதோடு முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனாஸாவை ஆண்கள் அடக்கத்துக்குத் தூக்கிப்போன பிறகு, பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஜெயந்தியைப் பார்த்தேன். எதற்கு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா அடிக்கடி எங்க வீட்டுக்கு வருவாங்க, தெரியுமா?" என்றார் அவர். "முட்டை கொண்டு வருவாங்க. உள்ள வர மாட்டாங்க, வாசல்லயே நிப்பாங்க. முதல்ல நான் வாங்கவே இல்ல. இதுல என்ன உள்நோக்கமோன்னு சந்தேகம். திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க. மறுபடி வருவாங்க."

"அப்புறம்?"

"ஒருநாள் மழை. நனைஞ்சுட்டு நின்னாங்க. வாங்கிட்டேன்."

"மன்னிச்சிட்டியான்னு கேட்டாங்களா?"

"ஒருநாளும் கேக்கல. கேட்டிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

அன்வர் அந்தச் சிறுவிடைச் சோடியை என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டும் என் கொல்லையில் நன்றாகத்தான் மேய்கின்றன. இந்த வாரம் அதே கொல்லையில் என் பூச்செடிகளில் மொட்டுகள் காணாமல் போகின்றன. யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் போலிருக்கிறது. பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்று காலை நான் சந்தேகப்படும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மெஹரக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தை அளவுக்கான நிதானம். அது கடைசிவரை என்னிடம் நிற்குமா என்பது சந்தேகம்தான். இன்று நின்றது.