இரண்டாம் பகுதிக்குக் கை தட்டியவன்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. இரைச்சலுக்குக் காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்ததை நான் மதித்ததே இல்லை. "அதெல்லாம் பூஞ்ச உடம்புக்காரனுக்கு" என்று மற்றவர்களைக் கிண்டலடித்தவன். இப்போது ஒழுங்காக அடைத்துக்கொள்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

காது மந்தமானதை வீட்டில் சொல்லவில்லை. மனைவி மெதுவாகப் பேசினால், "வாய்க்குள்ளயே இன்னா முணுமுணுக்கற" என்று அவள் மேலேயே எரிந்து விழுவேன்.

மகள், நாங்கள் குடியிருக்கும் வேப்பம்பட்டிலேயே ஒரு டீச்சரிடம் பியானோ கற்றுக்கொள்கிறாள். வீட்டில் பழகுவதற்கு ஒரு கீபோர்டு. போன வருஷம் சொனாட்டா என்று, பல பகுதிகள் கொண்ட ஒரு நீளமான உருப்படி எடுத்தாள். அதன் முதல் பகுதி என்றால் எனக்கு உயிர். இடது கை கீழ்க்கட்டைகளில் இடித்துக்கொண்டே இருக்கும், வலது கை எதிர்த்துப் பேசும். சண்டை முற்றி, கோபித்துக்கொண்டு வெளியே போன மெட்டு கடைசியில் வீடு திரும்பும். இரண்டாம் பகுதி ரொம்ப மெதுவானது. மேல்கட்டைகளில், தொட்டும் தொடாமலும் போவது. அதில்தான் இவள் கை பேசுகிறது என்று டீச்சர் சொன்னார். எனக்கோ அதில் எப்போதாவது ஒரு கீழ்ச்சுரம் கேட்கும், அவ்வளவுதான். விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவை நின்றதும் "எப்டிப்பா?" என்று திரும்புவாள். "ரொம்ப அழகா இருக்குடா" என்பேன். அவள் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்துக்காகத் தினமும் பொய் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டீச்சர் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் பெற்றோருக்கு வாசித்துக் காட்டினார்கள். எங்களுக்குக் கடைசி வரிசை. மகளின் விரல்கள் தெரியவில்லை. முதல் பகுதி முடிந்தது. இரண்டாவது தொடங்கியிருக்க வேண்டும். வெகுநேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் கொசு அடிக்க இரண்டு கையையும் சேர்த்தார். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். பெற்ற அப்பன் பிந்தலாமா? எழுந்து நின்று பலம்கொண்ட மட்டும் தட்டினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மகள் கட்டையிலிருந்து கையை எடுக்காமலேயே என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து மிச்சத்தை வாசித்தாளாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் மகள் கேட்டாள்.

"இன்னாப்பா, பாதியில தட்டிட்ட?"

"முடிஞ்சிடுச்சின்னு நெனச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

"உனக்கு அது கேக்கவே இல்லியா?"

நான் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அப்போ ஊட்ல தெனம் அழகா இருக்குன்னு சொல்லிக்கினு இருந்தியே?"

"போய் சாப்புடு" என்று அதட்டினேன். என் வீம்பை நினைத்து எனக்கே ஆத்திரம் வந்தது. என் பிள்ளை நன்றாக வாசிப்பது எதுவோ அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கப் போவதுமில்லை.

இப்போதும் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அவளும் வாசிக்கிறாள். இரண்டாம் பகுதி ஆனதும் என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறாள்.

"முடிஞ்சிடுச்சிப்பா."

நான் தலையாட்டுகிறேன். எப்படி இருந்தது என்று அவள் கேட்பதில்லை.