அளந்து பூசிய கரி

'உதவிப் பணியாளர். பின்னணிப் படங்களைச் சரிசெய்வார். சொன்னதைச் செய்வார், தானாக முடிவெடுப்பதில்லை. நேரடி மேற்பார்வை தேவை.'

கம்பெனி கைமாறும் சமயத்தில் தயாரான ஊழியர் அறிக்கையில் அவரைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். இதில் உண்மை என்று சொல்லத்தக்கது 'பின்னணி' என்ற ஒரு சொல். அதுவும் எழுதியவர் நினைத்த அர்த்தத்தில் அல்ல.

ஸ்டுடியோவில் அவருக்குச் சாம்பல் என்று பெயர். போடும் சட்டையென்னவோ கிளிப்பச்சையும் எலுமிச்சை மஞ்சளும். பெயர் வேலையால் வந்தது. டிவியில் நிகழ்ச்சி தொடங்கும்போது திரை சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, ஒவ்வொன்றும் சீட்டுபோலப் புரண்டு புதுப்படம் காட்டுமே, அதைச் செய்பவர் அவர். எந்தக் கட்டம் எப்போது புரளவேண்டும் என்பதை அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சாம்பல் நிறப் படம் தீர்மானிக்கும். வெளுத்த இடத்துக் கட்டம் முதலில் புரளும். கறுக்கக் கறுக்கத் தாமதமாகும். முழுக் கறுப்பென்றால் புரளவே புரளாது. இடப்பக்கத்து வெள்ளையை வலப்பக்கம் போகப்போகக் கறுப்பில் கரையவிட்டால் கட்டங்கள் அலையாக ஓடும். நடுவிலிருந்து வட்டமாகக் கரையவிட்டால் பூவாக விரியும். மேலே ஆடும் வண்ணத்தை ஊரே பார்க்கும். அடியில் இருப்பதை அவர் மட்டும்தான் பார்ப்பார்.

"சாம்பல், பேர்ல இருக்கற கலரைக் கொஞ்சம் சட்டையிலயும் காட்டக்கூடாதா? கண்ணு கூசுது" என்பார் பக்கத்து மேஜை எடிட்டர் அம்மா.

"கூசினாத்தான் மேடம் நான் ஒருத்தன் இருக்கேன்னே தெரியும்."

அதே ஸ்டுடியோவில் அவருடைய சகலையும் இருந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேலையில்லாமல் இருந்தவரை முதலாளியிடம் கூட்டிவந்து சேர்த்துவிட்டது சாம்பல்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சகலைக்கு வாய் மட்டுமே இருந்தது, நிர்வாகி ஆகிவிட்டார்.

பெரிய கம்பெனி ஒன்று ஸ்டுடியோவை வாங்கியது. கொஞ்சம் பேருக்கு வேலை போகும் என்று பேச்சு. சாம்பல் கவலைப்படவில்லை. "சகல உள்ளதானே இருக்கார். ஏதாவதுன்னா எங்கிட்டச் சொல்லாமலா இருப்பார்?" என்று மனைவியிடம் சொன்னார்.

இணைப்பு விழாவுக்கு 'நமது புதிய குடும்பம்' என்று ஒரு படம் கேட்டார்கள். சுவர் நிறையக் கட்டங்கள். ஒவ்வொன்றும் திரும்பினால் ஓர் ஊழியரின் முகம். சாம்பல் முதலாளிக்கு வெள்ளை கொடுத்தார். தனக்குக் கறுப்புக்கு ஒரே ஒரு படி முன்னால் ஒரு நிறம். தன்னடக்கம் என்று சொல்லலாம். கடைசியாகத் திரும்பும் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

விழா நாள் காலையில் ஓட்டிப் பார்த்தார். எல்லா முகமும் வந்தது. அவருடைய கட்டம் மட்டும் அசையாமல் மூலையில் கிடந்தது.

மென்பொருளைத் திட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். தன் புகைப்படத்தைக்கூட மாற்றிப் பார்த்தார். உறவைச் சந்தேகிப்பதைவிட இயந்திரத்தைச் சந்தேகிப்பது எவ்வளவோ சௌகரியம். எப்போதும் முதலில் திறக்கும் சாம்பல் படத்தை அன்று கடைசியில்தான் திறந்தார். அவருடைய கட்டம் முழுக் கறுப்பாகியிருந்தது. ஒரே ஒரு படி வித்தியாசம், வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கட்டத்தை மட்டும் எப்படி நிறுத்துவது என்று சகலை கேட்டதும், கேட்டாரே என்ற சந்தோஷத்தில் தானே செய்துகாட்டியதும் நினைவுக்கு வந்தன.

சகலை மாடிப்படியில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"சகல, என் கட்டம் கறுத்துப்போச்சு."

சகலை போனை வைத்தார். "மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

"தாகமில்ல. சொல்லுங்க."

"புதுக் கம்பெனி லிஸ்ட்ல நீங்க இல்ல. போன வாரமே முடிவாயிடுச்சு. மேடையில உங்க மொகத்தைக் காட்டிட்டு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினா நல்லாவா இருக்கும்? உங்க மானம் போகக்கூடாதுன்னுதான்..."

"மொகத்துல கரி பூசறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்படி அளந்து பூசுவாங்கன்னு தெரியாது. என்னைப் பத்தி என்ன எழுதினாங்களாம்?"

சகலை தயங்கித் தயங்கிப் போனில் அறிக்கையைக் காட்டினார். சாம்பல் படித்தார்.

"இது யாரு எழுதினது?"

சகலை கைப்பிடியில் இல்லாத தூசியைத் தட்டினார். "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே எடம்தான்னாங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்கு சகல."

"எங்க வீட்ல இருக்கறது பொம்மைங்களா?"

"உங்க கையில வேலை இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுப்பீங்க. எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க?"

"இதை அப்படியே அறிக்கையில எழுதியிருக்கலாமே."

சகலை குரலைத் தாழ்த்தி, "வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க. அக்கா தங்கச்சிக்கு நடுவுல எதுக்கு வம்பு?" என்றார்.

சாம்பல் இருக்கைக்குத் திரும்பினார். வேலை போனதுகூட அவ்வளவாக உறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டிருந்தார்கள். இவருடைய டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துத் தின்றபடியே, "மொகமெல்லாம் எப்ப சகல முடியும்?" என்று சகலை விசாரித்ததுதான் இப்போது உறைத்தது.

அன்று சாம்பல் செய்தது இது: தன் கட்டத்தை முழு வெள்ளையாக்கினார். முதலாளி உட்பட மற்ற எல்லோரையும், முழுக் கறுப்பாகாத அளவுக்கு, நன்றாகக் கறுக்கவைத்தார். யாருக்கும் காட்டாமல் படத்தை விழா மண்டபத்தில் கொடுத்தார். எலுமிச்சை மஞ்சள் சட்டையில் அவர் முகம் முதலில் திரும்பி, மற்றவர்கள் வரும்வரை காலிச் சுவரில் தனியாக நின்றது. அதைப் பார்க்க அவர் அங்கே இருக்கவில்லை. வீட்டுக்குப் போய், யார் செய்தது என்பதையும் சேர்த்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.