பத்தாவது பம்ப்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். காஜா பேராங் ஊரில் என் வீட்டு ரம்புத்தான் பழங்களை அணில்கள் தின்கின்றனவே என்று காற்றுத் துப்பாக்கி வாங்கப் போனேன். ஸ்பிரிங் வைத்ததை ஒதுக்கிவிட்டு, கையால் பம்ப் அடித்துக் காற்றேற்றும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தேன்.

"அணிலுக்கு மூணு பம்ப் போதும். பத்து அடிச்சா பலகையே தொளைச்சிரும்," என்றார் கடைக்காரர்.

அந்த வேகத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. வீட்டுக்கு வந்து, மரத்திலிருந்த அணிலைப் பார்த்துப் பத்து அடித்துச் சுட்டேன். குறி தப்பியது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு லெட்சுமி கைக்குழந்தையோடு வந்தாள். உள்ளங்கையில் நசுங்கிய ஈயக்குண்டு.

"அண்ணே, இது சுவத்துப் பலகைய தொளைச்சிட்டு வந்து தொட்டில்ல கெடந்துச்சு. அப்பதான் பால் குடுக்கப் புள்ளையத் தூக்கினேன். யாரு சுட்டான்னு பாத்துச் சொல்றீங்களா?"

"பாக்குறேம்மா," என்றேன்.

இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாக எண்ணிப் பழகும். ஏழு, எட்டு என்று கேட்டதுமே நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.