ஓர் ஆள் குறைந்த வகுப்பு

அந்த வருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. நடக்குமா என்பது ஒரே ஒரு பெண்ணின் வருகையில் வந்து நின்றது. நான் அங்கே கெஸ்ட் லெக்சரர். வகுப்பு இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை.

மன்னராட்சிக் காலத்தில், மலையாள மண்ணில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அப்போது நாகர்கோவிலும் இதே ராஜ்யத்தில் இருந்தது; தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லை பிரித்து அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கம்ப்யூட்டர், பயோடெக்னாலஜி என்று மற்றத் துறைகள் வளர்ந்தன. நாங்களோ ஒவ்வொரு அட்மிஷனுக்கும் விரல்விட்டு ஆள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஸ்பாட் அட்மிஷனின் கடைசி நாள், விடிந்ததிலிருந்தே மழை. குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஓர் ஆள் போதவில்லை. பொன்முடி டீ எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து, பி.ஏ. முடித்த பெண் ஒருத்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். மதியம் கழிந்தும் காணவில்லை. அவள் போன் கிடைக்கவேயில்லை.

"மலையில மரம் விழுந்து பஸ்ஸெல்லாம் நிறுத்தியாச்சாம்," என்றார் மலையாளியான அட்மிஷன் பிரிவு அம்மா. "டீச்சரே, அஞ்சு மணி கழிஞ்சா போர்ட்டல் தன்னால அடைஞ்சுபோவும். என் கையில ஒண்ணும் இல்ல, கேட்டோ."

துறைத்தலைவர் எங்கள் ஊர் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர். வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

"ஒரு வருஷம் நின்னா போச்சும்மா. மறுபடி ஆரம்பிக்க மேல இருக்கறவா விடமாட்டா."

நாலரைக்கு மேல் அவள் வந்தாள், தன் அப்பாவோடு. விழுந்த மரத்தைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தே இறங்கி, கீழே ஒரு ஜீப்பைப் பிடித்து வந்திருக்கிறார்கள். இருவரிடமிருந்தும் தண்ணீர் சொட்டியது. நாற்காலியைக் காட்டினோம், அவர் உட்காரவில்லை.

"எறணாகுளத்துல ஜவுளிக்கடையில இவளுக்கு பில்லிங் வேல பேசி வச்சிருக்கேன் டீச்சர். இதப் படிச்சா என்ன வேல கிட்டும்? சத்தியமாச் சொல்லணும்."

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நல்லதாக ஏதாவது சொல்லித் தொலை என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரு பொய் போதும். என் வேலையும் தப்பிக்கும். நனைந்த சட்டையோடு நின்ற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபின் அது வரவில்லை.

"காலேஜ் வேலைக்கு நெட் பரீட்சை பாஸாகணும். பாஸானாலும் உடனே வேலை கிடைக்காது. நானே பாஸாகி இத்தனை வருஷமா நிரந்தரமில்லாமத்தான் இருக்கேன். அடுத்த வருஷம் இருப்பேனான்னு தெரியாது."

துறைத்தலைவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டியா?" அப்பா மகளிடம் திரும்பினார். "டீச்சரே சொல்லுதாங்க."

"கேட்டேன்ப்பா. கடை எங்கயும் போவாது. இந்த சீட்டு இன்னிக்குப் போனா போச்சு." அவள் மூச்சு வாங்கவும் நிறுத்தவில்லை. "ரெண்டு வருஷம் தாங்கப்பா. அப்புறமும் வேல கிட்டலேன்னா நானே கடைக்குப் போறேன். உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன்."

உள்ளேயிருந்து, "டீச்சரே, சமயம் ஆயி!" என்று அட்மிஷன் பிரிவு அம்மாவின் குரல் வந்தது.

அப்பா சட்டைக்குள் கைவிட்டு, வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். சர்டிபிகேட்டுகள் ஒரு துளி நனையவில்லை.

"வேண்டாம்னா இத எதுக்கு இப்பிடிப் பொத்திக் கொண்டுவருவேன்?" என்றார், யாரையும் பார்க்காமல். "போ, சேரு."

அவள் ஓடினாள். கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் அதன் முன்னால் குனிந்து நின்றோம். வட்டம் நின்று அவள் பெயர் வந்தபோது, அட்மிஷன் பிரிவு அம்மாதான் முதலில் கைதட்டினார்.

"நோக்கு வாயைக் கட்டவே தெரியாதா?" என்று துறைத்தலைவர் என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே அந்த அப்பாவுக்குத் தேநீர் வாங்கப் போனார்.

அந்த வருஷம் வகுப்பு நடந்தது. அவள் எம்.ஏ. முடித்தாள். முதல் முயற்சியில் நெட் பாஸாகவில்லை, மறுபடி எழுதப்போகிறாள். இப்போது மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. போனில் பேசினால் தன் வேலையின் நிச்சயமின்மையைப் பற்றிச் சொல்வதே இல்லை. வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைகளைப் பற்றித்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.