துணி சுற்றிய மணி

வேலூரில் புது வாடகை வீட்டுக்குச் சாமான் இறக்கும்போது, பெட்டிக்குள் துணி சுற்றிய வெண்கல மணி மொத்தென்று முட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

எழுபதுகளில் ஜவ்வாது மலையில் ஊர் ஊராக நடந்த மூன்று கன்னியாஸ்திரீகள்தான் என்னை எடுத்து வளர்த்தார்கள். எங்கள் மடம் ஒரு கூடாரம். கழுதை மேல் ஏறிப் போகும். மணியைச் சுமப்பது நான். வழியில் ஒலிக்காதபடி அதன் நாக்கில் துணி சுற்றியிருக்கும். மணி அடித்த இடத்தில்தான் கூடாரம், ஜெபம், கேழ்வரகுக் களி எல்லாம்.

ஒருநாள் ஏற்றத்தில் என் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று மூவரில் மூத்தவரான மதர் மூன்றாம் முறை சொன்னதும் துணியை உருவி எறிந்தேன். மணிச்சத்தம் எதிர்மலைவரை போனது.

"யாரு துணிய எடுத்தது?"

"நான்தாங்க மதர். என்னால நடக்க முடியல."

மதர் என் காலைப் பார்த்தார். கழுதையை நிறுத்தினார்.

"அடிச்சிட்ட இல்ல? அப்ப இன்னிக்கு இதான் நம்ம வூடு."

இங்கே வேலூரில், பெட்டியைத் திறந்து மணியை வெளியே எடுத்தேன். "புதுசா வந்திருக்கீங்களா? சொந்த ஊரு எதுங்க?" என்று பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

துணியை அவிழ்த்து, வாசலில் நின்று மணியை ஓங்கி அடித்தேன்.

"இதாங்க."