நாலு நாள் கணக்கு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். கோகெய்னை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பகலெல்லாம் தையல் மிஷினோடு மாரடிக்கிற அக்கா, ராத்திரி முழுக்க அவன் அறை வாசலில் பாயைப் போட்டுக் காவல் இருந்தாள். அவன் கத்தினாலும் காலில் விழுந்தாலும் மசியவில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தைக் கக்கூஸில் கொட்டிவிட்டதாகச் சொன்னவளும் அவள்தான்.

அப்போது பார்த்து, நாளைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பிடிபட்டால் வேலைக்கு வேட்டுதான்.

“எப்பவாவது எடுத்தவனுக்கு மிஞ்சிப்போனா நாலு நாள்ல போயிடும்க்கா. என்னை மாதிரி தினமும் இழுத்தவனுக்கு ரெண்டு வாரம்கூட நிக்கும். உன்னோடதைக் குடு. அக்குள்ல சூடா வெச்சுக் கொண்டுபோய் ஊத்திடறேன்.”

கண்டபடி திட்டுவாள் என்று நினைத்தான். அவளோ முந்தானையை முறுக்கிக்கொண்டே, “நாலு நாள்னு நல்லாத் தெரியுமாடா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவன் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கம்பெனி நர்ஸ் அந்த நீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, “கோகெய்ன் இருக்கு” என்றார்.

‘இது என்னோடதே இல்லை’ என்று வாய்வரை வந்தது. அதற்குள் அக்காவின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது.

“என்னோடதுதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்தான். சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து, அக்காவின் அறை வாசலில் விரித்தான்.