தாய்மாமன் மடி

என் அண்ணன் மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறவர். பண்பாடு என்று யாராவது வாயெடுத்தால் போதும், பிடித்துக்கொள்வார். "யாரோட பண்பாடுன்னு முதல்ல கேளு. எவன் சொன்னா அது பண்பாடு ஆகுது, எவன் சொன்னா வெறும் பழக்கமாப் போகுதுன்னு பாரு" என்பார். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மலைத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டுகிற, மலையாளம் பேசுகிற ஒருவரை நான் கட்டிக்கொண்டபோது எங்கள் வீட்டில் எல்லோரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் ஒருவர்தான் போடிக்கு வந்து எங்கள் வீட்டில் கை நனைத்தார். அதை நம்பித்தான் பையனுக்குக் காது குத்த நாள் குறித்தேன்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இது பிற்போக்கா முற்போக்கா என்று பிரித்துப் பார்க்கிற பொறுமையெல்லாம் எனக்கு இல்லை. என் பிள்ளைக்கும் மாமன் இருக்கிறான் என்று ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போனில் கேட்டேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா ஆத்தா? வர்றேன்" என்றார்.

வந்தார். பட்டு வேட்டி, பையனுக்குத் தங்கத் தோடு எல்லாம் கொண்டுவந்தார். கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துகொண்டு, "மாமன்காரரு வெரசா வாங்கப்பா" என்று குரல் கொடுத்தார். அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"தோடு குடுத்துர்றேன். போட்டோவுக்கும் நிக்கிறேன். மடியில மட்டும் வேண்டாம்."

"ஏண்ணே?"

"மடியில வச்சா முறைன்னு ஆகிரும். எனக்கும் பொண்ணு இருக்குல்ல? நாளைக்கு அத்தை மகன்னு பேச்சு வரும். உன் மதினி ஒத்துக்கிற மாட்டா. நம்ம பண்பாடுன்னு ஒண்ணு இருக்கே ஆத்தா."

என் பையனுக்கு அப்போது ஒரு வயசு. அவன் கல்யாணத்துக்கு அப்போதே பயந்துவிட்டார் மனுசன்! மடி தர இஷ்டமில்லை என்றால் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊரைக் கூட்டிவைத்த பிறகு கழுத்தறுத்தார். நானே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அலறினான். எனக்கு அழுகை வரவில்லை, மறு காதையும் ஆசாரி பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.

நான் இப்போது ஏலக்காய் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறேன். போன மாதம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் போனை நீட்டினாள். என் கதை முழுக்கத் தெரிந்தவள், அண்ணனை மட்டும் பார்த்ததில்லை. "அக்கா, ஒருத்தர் பேசுறாரு, அப்படியே உங்க கதை மாதிரியே இருக்கு."

பண்பாடு பற்றி ஏதோ கூட்டம். மைக்கைப் பிடித்து நின்றது என் அண்ணன்! வேற்று ஆளைக் கட்டிய பெண், காதுகுத்து, மடி கொடுக்காத மாமன், முறைப் பயம் என்று ஒன்று விடாமல் சொன்னார். யார் அந்த மாமன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் குரல் தழுதழுக்க, "அந்தத் தாய்மாமன் நானாக இருந்திருந்தால் என் மடியைக் கொடுத்திருப்பேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

அடப்பாவி! என் பிள்ளைக்கு மடி இல்லை என்றதும் நீ, அதையே சொல்லிக் கைதட்டு வாங்குவதும் நீயா?

பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க அண்ணனும் இருக்காரே! இந்த மனுசன்கிட்ட வந்து படிக்கணும்க்கா."

"இதுதாண்டி என் அண்ணன்" என்றேன்.

"சும்மா இருங்கக்கா" என்று சிரித்துவிட்டு, அந்தப் பேச்சை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.